அரைமணியில் முடிந்துபோகும் ஓர் ஆண்டு

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். பெண்கள் கபடி ஆட்டத்தில் ஒரு பாதிக்கு 15 நிமிடம். இரண்டு பாதியும் சேர்ந்தால் அரைமணி. பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் குறுவட்டப் போட்டியில் ஒரு பிரிவுக்கு 16 பள்ளிகள் பெயர் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட் முறைதான். 15 ஆட்டத்தில் சாம்பியன் யாரென்று தெரிந்துவிடும். அந்த 16-இல் 8 பள்ளிகள் முதல் ஆட்டத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடும். அந்த எட்டுப் பள்ளிப் பெண்களுக்கு அந்த ஆண்டில் வெளிப்பள்ளியோடு மோதிய கபடி என்பது மொத்தமாக அரைமணி நேரம். அடுத்த அரைமணிக்கு இன்னும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அணியில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு முடித்துப் போயிருப்பார்கள். முதல் சுற்றிலேயே வெளியேறும் அந்த எட்டில் பெரும்பங்கு ஆண்டுக்காண்டு ஒரே வகைப் பள்ளிகளாகவே இருந்தால், அதைக் குலுக்கலின் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அவை பெரும்பாலும் ஆள் குறைவான கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிகள். அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை யாரோடு ஒரே வட்டத்தில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

குறுவட்டம் என்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் பேச்சில் ‘ஜோன்’ என்பார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் தொகுதி அது. அரசு, உதவிபெறும், தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லாப் பள்ளிகளும் அதில் அடங்கும். குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு என்ற பெயர்களில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளாகப் போட்டிகள் நடக்கின்றன. குறுவட்டத்தில் வென்றால் மாவட்டம், அங்கே வென்றால் மாநிலம், அதையும் தாண்டினால் 1954-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. ஏணி சரியாகத்தான் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஏணியின் முதல் படியில் யாரும் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. 120 பேர் படிக்கும் பள்ளியும் 3,000 பேர் படிக்கும் பள்ளியும் அங்கே சமம். இது சமத்துவம்போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுத்ததுபோல இருக்கும்.

வெண்ணந்தூரை எடுத்துக்கொள்வோம். ராசிபுரம் வட்டத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு பேரூராட்சி; நாமக்கல் மாவட்டத்தின் 15 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றுக்குத் தலைமையிடம். அங்கிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஆட்டையாம்பட்டி. ஒரே நெசவு, ஒரே பேச்சு, ஒரே சந்தை, இரு ஊருக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை. 1997 ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் பிரிந்தபோது வெண்ணந்தூர் இந்தப் பக்கமும் ஆட்டையாம்பட்டி அந்தப் பக்கமும் ஆயின. அன்றிலிருந்து இந்த இரண்டு ஊர்ப் பள்ளிகளும் துறையின் அதிகாரபூர்வப் போட்டியில் சந்திக்க வேண்டுமானால் இரண்டும் தத்தம் மாவட்டத்தை வென்று மேலே வர வேண்டும். அதே நேரத்தில், கொல்லிமலை அடிவாரத்துப் பள்ளியும் காவிரிக் கரைப் பள்ளிப்பாளையத்துப் பள்ளியும் வெண்ணந்தூரோடு ஒரே மாவட்டம். மாவட்டத்தைப் பிரித்தவர்கள் நிர்வாக வசதியை நினைத்துத்தான் பிரித்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்கென்று போட்ட கோட்டைக் கபடிக் களத்துக்கும் அப்படியே நீட்டிவிட்டோம்.

கோடு அதோடு நிற்கவில்லை. 2018-இல் தமிழகம் முழுக்கக் கல்வி மாவட்டங்கள் உடைக்கப்பட்டு 50-க்கும் மேற்பட்ட புதிய கல்வி மாவட்டங்கள் உருவாயின. நான்கே ஆண்டில், 2022-இல், மறுபடி மாற்றம்: தொடக்கக் கல்விக்கு ஒரு மாவட்டக் கல்வி அலுவலர், இடைநிலைக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்குத் தனியாக ஒருவர் என்று பிரித்தார்கள். தனியார் பள்ளியின் இயல்பு வேறு, அதற்குத் தனி மேற்பார்வை வேண்டும் என்று கோப்பில் ஒப்புக்கொண்ட அரசு, மைதானத்தில் மட்டும் அரசுப் பள்ளியையும் தனியார் பள்ளியையும் ஒரே குலுக்கலில் போடுகிறது. இதற்கிடையே குறுவட்டத்தின் உறுப்பினர் பட்டியலே உள்ளிருந்து மாறிக்கொண்டிருக்கிறது. 2009-இல் வந்த மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் 5 கி.மீ.க்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்ற இலக்கை வைத்தது. நடுநிலைப் பள்ளிகள் வரிசையாகத் தரம் உயர்ந்தன. பெண்பிள்ளைகளின் படிப்புக்கு அது பெரிய வரம். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் விளையாட்டின் கண்ணோடு பார்த்தால், ஒரு பெரிய பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் மூன்று சிறிய பள்ளிகளுக்குப் பிரிந்தார்கள். வட்டத்தில் பள்ளிகளின் எண்ணிக்கை கூடியது, ஒவ்வொன்றின் ஆள்பலம் குறைந்தது. மறுபக்கம், மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்தில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் எழுந்தன; வெளிமாவட்டப் பிள்ளைகளும் அங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். அடியில் மெலிந்து தலையில் பருத்த ஒரு வட்டம் இப்படித்தான் உருவாகிறது. இதை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம். அங்கே பள்ளிகளும் கல்லூரிகளும் தாங்களாகவே கூடி ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டணியை அமைத்துக்கொள்கின்றன. பிடிக்காவிட்டால் விலகி வேறொன்றில் சேர்கின்றன. கல்லூரி அளவில் இது பேராசையாக முடிந்த கதையும் உண்டு. 1915-இல் வேர்விட்ட பசிபிக் கரைக் கூட்டணியான ‘பேக்-12’-இல் இருந்த 12 பல்கலைக்கழகங்களில் 10, தொலைக்காட்சிப் பணத்தைத் தேடி 2024-இல் வெளியேறிவிட்டன. பள்ளி அளவிலோ காரணம் பெரும்பாலும் ஆள் வற்றுவதுதான். 1939–40-இல் அந்நாட்டில் 1,17,000-க்கு மேல் இருந்த பள்ளி நிர்வாக மாவட்டங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு இன்று சுமார் 13,000 ஆகிவிட்டன. ஆள் குறைந்த பள்ளி தன் அளவுக்கேற்ற கூட்டாளிகளைத் தேடிப் போகிறது. அதற்கு அங்கே கைகொடுப்பது ஒரு விதி: மாணவர் எண்ணிக்கையை வைத்து வகுப்புப் பிரிப்பது. நம் பள்ளிக்கு அந்த உரிமையும் இல்லை, விதியும் இல்லை.

ஆள் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 120 பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆண், பெண் பாதிப் பாதி என்றால் பையன்கள் 60. ஒன்பது, பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் ஏறத்தாழ 25. கபடிக் களத்தில் 7 பேர், வெளியே 5 பேர் என 12 பேர் கொண்ட அணி வேண்டும். அதாவது இரண்டில் ஒருவன் ஆட வேண்டும். ஆட மனமில்லாதவனும் உடம்புக்கு முடியாதவனும் சனி ஞாயிறு தறிக்குப் போகிறவனும் அதற்குள்ளேயேதான். 3,000 பேர் பள்ளியில் அதே 12 பேரை நூற்றுக்கணக்கானவர்களிலிருந்து பொறுக்கலாம். வித்தியாசம் இதோடு முடிவதில்லை. உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் கிடைக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம்கூட ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்று வரம்பு கட்டியது. அந்த அடிப்படையில் 2012-இல் தமிழகம் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குச் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. அவர்களுடைய பணிநிரந்தரக் கோரிக்கை ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: சிறிய பள்ளி என்ற காரணத்தாலேயே அதற்குப் பி.இ.டி. எனப்படும் உடற்கல்வி ஆசிரியர் கிடைப்பது அரிது, பிறகு பி.இ.டி. உள்ள பெரிய பள்ளியோடு அதைக் களத்தில் இறக்குகிறோம். ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டனை.

அளவு பார்த்துப் பிரிப்பது ஏதோ வெளிநாட்டு யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊர்த் திருவிழாவில் விளக்குப் போட்டு விடிய விடிய நடக்கும் கபடி டோர்னமெண்ட்டின் நோட்டீஸைப் பாருங்கள். இத்தனை கிலோ எடைப் பிரிவு என்று முதல் வரியிலேயே அச்சடித்திருக்கும். தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் களத்தில் கால் வைக்கலாம். தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனி ஓட்டம். கன்றையும் காளையையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் பார்க்க வந்தவனே ஒப்பமாட்டான். மாட்டுக்குத் தெரிந்த இந்த நியாயம் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் எட்டவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. சின்னவன் பெரியவனை வீழ்த்துவதில்தானே விளையாட்டின் உயிர் இருக்கிறது? பிரித்து வைத்துவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடுமே! இதற்கு உலகம் காட்டும் சாட்சி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சிற்றூர்ப் பள்ளி. 161 மாணவர்கள் மட்டுமே படித்த அந்தப் பள்ளி 1954-இல் மாநிலக் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் மன்ஸி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32–30 என்று வென்றது. அதைத் தழுவித்தான் 1986-இல் ‘ஹூசியர்ஸ்’ என்ற படம் வந்தது. அந்த வெற்றியின் நினைவிலேயே அம்மாநிலம் பல ஆண்டுகள் எல்லாப் பள்ளிக்கும் ஒரே கோப்பை என்ற முறையை விடாமல் பிடித்திருந்தது. 1997-இல்தான் கைவிட்டு, 1997–98 பருவம் முதல் நான்கு வகுப்பாகப் பிரித்தது. காரணம் எளிது. 1954-இல் 750-க்கும் மேற்பட்ட பள்ளிகள் போட்டியிட்டன. அவற்றில் ஒரு மிலனின் பெயர் நிலைத்தது. முதல் ஆட்டத்திலேயே உதைபட்டு வீடு திரும்பிய சின்னப் பள்ளிகளுக்கு யார் படம் எடுத்தார்கள்? ஆனால் பிரித்ததற்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நான்கு கோப்பைகள் வந்த பிறகு இண்டியானாவில் கூட்டம் குறைந்தது; பழைய முறைக்காக ஏங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் ஒரே கோப்பையை ஒழித்துவிடச் சொல்வதில்லை இந்தக் கட்டுரை. குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரையிலான ஏணி அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால், அதற்குப் பக்கத்தில், சின்னப் பள்ளிகளுக்கென்று ஒரு லீக் வேண்டும்.

அடுத்தது, கேரளத்தைக் காட்டிச் சொல்லப்படும் மறுப்பு. கோட்டயம் மாவட்டத்தின் மலையோரத்தில் உள்ள கோருத்தோடு என்ற கிராமத்துப் பள்ளி, கே.பி. தாமஸ் என்ற ஆசிரியரின் பயிற்சியில் ஆண்டுக்கணக்கில் மாநிலப் பள்ளித் தடகளத்தை ஆண்டதே! 2003 உலகத் தடகளத்தில் நீளம் தாண்டலில் வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜ் அங்கிருந்து வந்தவர்தானே! உண்மைதான். மனிதர் இருந்தால் எல்லாம் நடக்கும். ஆனால் கோருத்தோட்டில் மாறியது வட்டமல்ல, ஆசிரியர். பி.இ.டி. இல்லாத பள்ளியைப் பார்த்து ‘உங்களுக்கும் ஒரு தாமஸ் மாஸ்டர் கிடைத்தால் ஜெயிக்கலாம்’ என்று சொல்வது, கிணறு இல்லாதவனிடம் தோட்டம் போடச் சொல்வதற்குச் சமம். மேலும் தடகளம் தனியாள் விளையாட்டு. ஒரு பிள்ளை மட்டும் நன்றாக ஓடினாலும் மேலே போகலாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி அரசுப் பள்ளியிலிருந்து கிளம்பிய மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டலில் தங்கம் வென்றது அப்படித்தான். அவருடைய திறமையைக் கண்டுகொள்ளப் பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். குழு விளையாட்டில் ஒருவன் மட்டும் சிறந்திருந்து பயனில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் வளர்ந்து 2020-இல் இந்திய அணிக்குள் நுழைந்தார். அவரைப் பட்டைதீட்டியது பள்ளிப் போட்டியல்ல, தெருவும் ஊர்ப் பந்தயங்களும்தான்.

மூன்றாவது மறுப்பு துறைக்குள்ளிருந்தே வரும்: குறுவட்டப் போட்டியின் நோக்கம் திறமைசாலியைப் பொறுக்குவது, எல்லோரையும் ஆடவைப்பது அல்ல. அப்படியென்றால் பொறுக்குகிறவனின் கண்ணிலிருந்தே கேட்போம். ஒரே ஆட்டத்தை, அதுவும் ஒருபக்கமாகச் சாயும் ஆட்டத்தைப் பார்த்து யாரைப் பொறுக்க முடியும்? எதிரணி மூன்று ஆல்-அவுட் கொடுத்த களத்தில் நல்ல ரெய்டரும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். அவன் கால் எப்படி நகர்கிறது, மூச்சு எவ்வளவு நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் தனக்குச் சமமான அணியோடு அவன் ஐந்தாறு ஆட்டம் ஆட வேண்டும். மாநிலத் தகுதிச் சான்றிதழ்கள் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டின் 500 இடங்களுக்கும் அரசு வேலையின் 3 சதவீதத்துக்கும் வழிதிறக்கும் காலம் இது. முதலமைச்சர் கோப்பைக்கு 2024-இல் 37 கோடி ரூபாய் பரிசுத் தொகை ஒதுக்கப்பட்டது. அங்கே பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள், அரசு ஊழியர் என்று ஐந்து பிரிவு உண்டு. சின்னப் பள்ளி என்று ஆறாவது பிரிவு இல்லை. ஏணியின் உச்சியில் இவ்வளவு வைத்துவிட்டு முதல் படியை உடைசலாக விட்டால், அந்தப் பலன் ஏற்கெனவே ஏறத் தெரிந்தவனுக்கே போய்ச்சேரும். பொதுத்தேர்வில் மாநில முதலிடப் பட்டியலை 2017-இல் நிறுத்திய அரசு இது. எல்லாப் பள்ளியையும் ஒரே தராசில் நிறுத்தி வரிசைப்படுத்துவதன் கேடு அதற்குத் தெரியாததல்ல.

நான்காவது சிக்கல் உண்மையிலேயே கடினமானது. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. 200 பேர் மட்டும் உள்ள ஒரு விடுதிப் பள்ளி, ஊர் ஊராகத் தேடிப் பிடித்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ‘நாங்களும் சின்னப் பள்ளிதான்’ என்று வந்து நிற்கலாம். அரசு விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கும் இது பொருந்தும். இதற்கும் முன்னே போனவர்கள் வழி கண்டிருக்கிறார்கள். இலினாய் மாநிலத்தில் எல்லைக் கட்டுப்பாடின்றி மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கி, வரும் தொகைக்கேற்ற வகுப்பில் போடுகிறார்கள். இண்டியானாவில் தொடர்ந்து ஜெயிக்கும் பள்ளியை மேல் வகுப்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். இரண்டிலும் ஓட்டை உண்டு, இரண்டைப் பற்றியும் அங்கே சண்டையும் உண்டு. ஆனாலும் நமக்கு இவ்வளவு நுணுக்கம்கூடத் தேவையில்லை. விடுதியுள்ள பள்ளி சின்னப் பள்ளி லீக்கில் சேராது என்று ஒரு வரி எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆளே சேராத பள்ளிக்கு என்ன வழி? 1934-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொரு பேர் சேராத சின்னப் பள்ளிகளுக்காக அமெரிக்கக் கால்பந்தை ஆறு பேர் ஆட்டமாகச் சுருக்கினார். அது இன்றும் ஆடப்படுகிறது. பக்கத்துப் பள்ளிகள் இரண்டு சேர்ந்து ஓர் அணியாக இறங்குவதும் அங்கே வழக்கம். வெண்ணந்தூர்ப் பக்கத்து அலவாய்மலை ஓரத்தில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் சேர்ந்து ஒரு கோ-கோ அணி அமைத்தால் குடி முழுகிவிடாது. இப்போதைய விதியில் அதற்கு இடமில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு ஆள் சேராமல் வராமல் போனால் எதிரணிக்கு வாக்-ஓவர், அவ்வளவுதான்.

செலவைப் பற்றிக் கேட்பவர்கள் நாக்-அவுட்டின் சிக்கனத்தைச் சொல்வார்கள். இரண்டு நாளில் முடித்துவிடலாம், நடுவர் படி குறைவு. 16 பள்ளியை நாலு நாலாகப் பிரித்து லீக் வைத்தால் முதல் கட்டத்திலேயே 24 ஆட்டம். ஆனால் அந்த 24-ஐயும் ஒரே மைதானத்தில் ஒரே வாரத்தில் நடத்த வேண்டியதில்லை. நாலு பள்ளியும் பக்கம் பக்கத்தில் இருந்தால் சனிக்கிழமை காலை ஓர் ஆட்டத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். கபடிக்கும் கோ-கோவுக்கும் வேண்டியது சமமான தரையும் சுண்ணாம்பும் ஒரு விசிலும்.

பக்கத்தில் இருப்பவனோடு திரும்பத் திரும்ப மோதுவதில்தான் பகையும் பாசமும் வளர்கின்றன என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல சாட்சி வேண்டாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெரும் சமர்’ என்று பெயர். போர் குறுக்கிட்ட மண்ணில் அந்த உறவு அறுந்துபோகவில்லை. தீவு முழுக்கப் பள்ளிக் கிரிக்கெட்டுக்கு டிவிஷன்கள் இருக்கின்றன. தரத்துக்கேற்ற பிரிவில் ஆடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வோர் ஊருக்கும் தனக்கென்று ஒரு ‘பெரிய மேட்ச்’. தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்காத ஆட்டம்தான் அது. ஆனால் கடல்கடந்து போனவர்கள்கூட அதன் முடிவை விசாரிக்கிறார்கள். நம் பள்ளிக்கு அப்படி ஓர் எதிராளி இல்லை. இந்த ஆண்டு குலுக்கலில் எவன் வந்தானோ அவன்தான், அடுத்த ஆண்டு வேறொருவன். தோற்றவனுக்குப் பழிதீர்க்கக்கூட முகவரி கிடையாது.

வெண்ணந்தூருக்கு அந்த முகவரி ஆட்டையாம்பட்டியாகத்தான் இருக்க முடியும். மாவட்டக் கோடு குறுக்கே கிடக்கிறது என்பது உண்மை. ஆனால் சான்றிதழுக்கான ஏணியை விட்டுவிட்டு, ஜூலையில் தொடங்கும் ஒரு சனிக்கிழமை லீக்குக்கு இரண்டு மாவட்டத்து முதன்மைக் கல்வி அலுவலர்களின் ஒப்புதலும் நாலைந்து தலைமையாசிரியர்களின் சம்மதமும் இருந்தால் போதும். ஒன்றியத்தின் இந்தப் பக்கத்தில் மூன்று சின்னப் பள்ளி, கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு. ஐந்து பள்ளி என்றால் ஆளுக்கு நாலு ஆட்டம், மொத்தம் பத்து. குறுவட்டக் குலுக்கல் நடக்கும் நாளில் அந்தப் பெண்கள் ஏற்கெனவே இரண்டு மணி நேரம் கபடி ஆடியிருப்பார்கள்.